மாங்குளம் சந்தியில் இருபது நிமிடம்

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதம், லொறிகளோடு வடக்கே போகும் பொருட்பட்டியலை நான் திருத்தி அமைத்தேன். அதுவரை அதைக் களஞ்சியத்தில் ஒரு வயதான எழுதுவினைஞர் கையால் எழுதிவந்தார். பானை, பாய், பாய்க்குப் பிறகு சவர்க்காரம், மறுபடி பானை, நடுவில் ஒரு கட்டு நுளம்பு வலை, பிறகு மீண்டும் பாய். ஒரே சாமான் மூன்று இடத்தில் வரும். அவர் ஓய்வு பெற்றதும் அந்த வேலை என் மேசைக்கு வந்தது. எனக்கு அந்தத் தாள்களைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. எல்லாவற்றையும் கணினியில் ஏற்றினேன். ஒரே வகைச் சாமான்களை ஒன்றாகச் சேர்த்து ஆங்கில எழுத்து வரிசையில் அடுக்கினேன். அதற்கு ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். அடித்தல் திருத்தல் இல்லாத நான்கு பக்கங்கள் வந்தன.

எங்கள் பொறுப்பாளர் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். தெஹிவளையைச் சேர்ந்த முஸ்லிம், ஐம்பதைத் தாண்டியவர், லேசில் யாரையும் பாராட்டாதவர். "மாஷா அல்லாஹ், இது பேப்பர்" என்றார். அன்று மாலை வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை வீடு வரை நின்றுகொண்டே பஸ்ஸில் போனேன். கால் வலிக்கவில்லை.

எங்கள் வீட்டில் சொந்தப் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். அப்பா துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவர். சம்பளப் புத்தகத்தில் பெருவிரலை அழுத்திவிட்டு வருவார். வீட்டுக்கு வந்து அந்த ஊதா மையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார். அம்மாவுக்கு எழுத்தே தெரியாது. ஆனாலும் என் வேலை அடையாள அட்டையைக் கழுவித் துடைத்து, மாதா படத்துக்குப் பக்கத்து ஆணியில் மாட்டிவைப்பாள். காலையில் அதை நான் கழுத்தில் போடும்போது, "கோணலா இருக்கு, நேராப் போடு" என்பாள். பஸ்ஸிலும் நான் அதைக் கழற்றுவதில்லை. படிப்பினால் வந்த திமிர் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். திமிர்தான். மறைக்க எனக்கு விருப்பம் இருக்கவில்லை.

எங்கள் அலுவலகம் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில் ஒரு மாடி வீடு. சமாதானம் பாதி உடைந்துபோயிருந்த காலம் அது. வவுனியாவுக்கு அப்பால் இருந்த சனங்கள் வீடு விட்டு வீடு மாறிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பானையும் பாயும் சவர்க்காரமும் அனுப்புவது எங்கள் நிறுவனத்தின் வேலை. அனுப்புவதென்றால் சும்மா இல்லை. ஒவ்வொரு சாமானுக்கும், ஒவ்வொரு சாரதிக்கும், ஒவ்வொரு லொறிக்கும் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும். வவுனியாவுக்கு அப்பால் உள்ள சோதனைச்சாவடியில் லொறி முழுவதையும் இறக்கிப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் விடுவார்கள். அங்கால் போய்ச் சாமான்களைக் கொடுத்துவிட்டு, பின்னேரம் நாலரைக்கு அந்தச் சாவடியின் வாயிற்படலை மூடுவதற்குள் இங்கால் வந்துவிட வேண்டும்.

பட்டியலும் அனுமதிக் கடிதங்களும் என் வேலை. லொறிகள் ஓடும் நாட்களில் மேல்மாடி ரேடியோவும் என் பொறுப்பு. மூன்று லொறி போனால் முதல் லொறியில் மட்டும் ரேடியோ இருக்கும். அந்தச் சாரதி குறித்த இடங்களைத் தாண்டும்போது கூப்பிட்டுச் சொல்வார். நான் நேரத்தை எழுதுவேன். ரேடியோவில் அலுவலகம் 'பேஸ்', முதல் லொறி 'லீமா வன்'. மூவிங் என்றால் ஓடுகிறோம், ஸ்ரொப்பிங் என்றால் நிற்கிறோம், கொப்பிட் என்றால் கேட்டது, அவ்வளவுதான் கதை. ஒழுங்கையின் முடிவில் கரையோர ரயில் போகும்போது ஒன்றும் கேட்காது. தண்டவாளம் அதிரத் தொடங்கியதுமே யன்னலைச் சாத்தப் பழகியிருந்தேன்.

அந்த முதல் லொறிச் சாரதி வன்னிக்காரர். வயது நாற்பதுக்கு மேல். வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் மூன்று பேரோடு ஒரு அறையில் இருந்தார். அவருடைய தாய் மாங்குளத்துக்கு உள்ளே ஒரு கிராமத்தில் தனியாக இருந்தார். மகன் தாயைக் கண்டு நாலு வருடம். மட்டக்களப்புக்கும் திருகோணமலைக்கும் அவரை அனுப்பிக்கொண்டிருந்தோம். வடக்குக்கு அனுமதி வரும் பட்டியலில் அவர் பெயர் மட்டும் வருவதில்லை. ஒவ்வொரு மாதமும் என் மேசைக்கு வந்து நிற்பார்.

"மிஸ், இந்த முறையாவது என்ர பேர் வருமோ?"

"போட்டிருக்கிறேன் அண்ணா. அவங்க தரணுமே."

"அம்மாவை இஞ்ச கூட்டிக்கொண்டு வரலாம் எண்டு பாத்தால், அவ வரமாட்டாவாம். மாட்டை ஆர் பாக்கிறதாம்."

"எத்தனை மாடு?"

"ரெண்டு. என்னோட சேத்தால் மூண்டு."

நான் புதுப் பட்டியல் அடித்த அதே மாதம் அவருக்கு அனுமதி வந்தது. கடிதத்தில் தன் பெயர் இருந்த வரியை விரலால் தொட்டுப் பார்த்தார். படலைக்கு அங்கால் இருந்த எங்கள் வன்னிக் களஞ்சியக்காரர் அவருடைய ஊர்ப்பக்கத்தவர். அவர் மூலம் தாய்க்குச் சொல்லியனுப்பினோம். லொறிகள் மாங்குளம் சந்தியைத் தாண்டித்தான் போகவேண்டும். காலை ஒன்பதுக்குப் படலையைத் தாண்டினால், சாமான் இறக்கித் திரும்பும் வழியில் நேரம் மிஞ்சும். அப்போது சந்தியில் நிறுத்தலாம். தாய் அங்கே வந்து நிற்பார்.

படலையை அவர்கள் ஒன்பதுக்குத் தாண்டவில்லை. பத்தாகியும் ரேடியோவில் அழைப்பு இல்லை. பதினொன்று. பன்னிரண்டு நெருங்கத்தான் "பேஸ், லீமா வன், மூவிங்" என்று குரல் வந்தது. ஏதோ தாமதம் என்று நேரத்தை எழுதினேன். திரும்பும் வழியில் சந்தியில் நிற்பதாக அழைப்பு வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. நாலரைக்கு ஐந்து நிமிடம் இருக்கப் படலைக்கு வந்துவிட்டதாகச் சொன்னார். அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் காலை அவர் அலுவலகத்துக்கு வந்து லொறித் திறப்புக் கொத்தை என் மேசையில் வைத்தார்.

"என்ன அண்ணா, அவ்வளவு நேரம் எடுத்தாங்க?"

"உங்கட பேப்பர் நல்ல வடிவான பேப்பர், மிஸ். ஆமிக்காரனும் சொன்னவன்."

எனக்கு முகம் மலர்ந்தது. அதை இப்போது நினைத்தாலும் உடம்பு குன்றுகிறது.

"அவன் முதல் வரியை வாசிச்சான். அலுமினியப் பானை. அது எங்க இருக்குது? லொறியின்ர அடியில, முன்னுக்கு, டிரைவர் சீற்றுக்குப் பின்னால. அதை எடுக்கிறதெண்டால் எல்லாத்தையும் இறக்கோணும். இறக்கினம். அடுத்தது என்ன? பேபி சோப். அது மூண்டாவது லொறியில. அவன் வரி வரியாத்தான் பாப்பான். ஒரு வரியில எல்லாம் சரிவந்தால்தான் அடுத்த வரி. மூண்டு லொறிச் சாமானும் றோட்டில. ஆர் பெட்டியை ஆர் தேடுறது?"

"ஆனா அண்ணா, அந்த லிஸ்ட்ல ஒரு பிழையும் இல்லையே. ஒரு பெட்டிகூடக் குறையல்லையே."

"ஓம். பிழை இல்ல." திறப்பை மேசையில் கொஞ்சம் தள்ளிவைத்தார். "பிழை ஒண்டும் இல்ல, மிஸ்."

போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை.

"போகேக்க அம்மா சந்தியில நிண்டவ. கையில ஒரு உமல், பனையோலைப் பை. நான் ஹோர்ன் அடிச்சு, திரும்பி வாறன் எண்டு கையைக் காட்டினன். தலையை ஆட்டினவ. திரும்பி வரேக்க மூண்டரை தாண்டிட்டுது. நிப்பாட்டினால் மூண்டு லொறியும் அங்கால மாட்டுப்படும். அதே இடத்தில நிண்டவ, மிஸ். நான் திரும்பவும் ஹோர்ன் அடிச்சிட்டுப் போனன்."

அவர் போனபிறகு பழைய எழுதுவினைஞரின் தாள்களை அலுமாரியிலிருந்து எடுத்தேன். பானை, பாய், சவர்க்காரம், மறுபடி பானை. லொறியின் பின்கதவைத் திறந்தால் எது முதலில் கைக்கு வருமோ அதுதான் முதல் வரி. ஒவ்வொரு லொறிக்கும் தனித் தாள். அவர் தன் கண்முன் நின்ற லொறியைத்தான் எழுதியிருந்தார். நான் லொறியைக் கண்ணால் பாராமல் எழுதினேன். மூன்று மாதமாக அந்த மனிதரை மனதுக்குள் கேலி செய்திருக்கிறேன். மேசையில் இருந்தபடியே கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றி, மேசை லாச்சியை இழுத்து அதற்குள் வைத்தேன். பிறகு எடுத்துப் போட்டுக்கொண்டேன். அதில் என் பெயர் இருந்தது. பட்டியலின் அடியில் கையெழுத்துப் போட்டதும் அதே பெயர்தான்.

அடுத்த அனுமதி இரண்டு மாதம் கழித்து வந்தது. அந்தச் சாரதியின் பெயரை நான் மறுபடியும் அனுப்பியிருந்தேன். இடையில் தொலைபேசியில் நான் அமைச்சைத் தொந்தரவு செய்த விதத்தில் அங்கிருந்த ஒரு அம்மையார் என் குரலைக் கேட்டதுமே, "ஆ, நங்கி, ஆயெத்?" என்பார், தங்கச்சி, திரும்பவுமா என்று. பெயர் வந்தது.

லொறி ஏற்றும் நாள் காலை ஆறு மணிக்குக் கொழும்புக் களஞ்சியத்துக்குப் போனேன். அது புளூமெண்டல் பக்கம், எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரம். சாமான் ஏற்றுகிற நாட்டாமிமார் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் சல்வாரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு லொறியின் பின்பலகையில் ஏறினேன்.

"மிஸ், இறங்குங்க. நீங்க விழுந்தா நாங்க யாருக்கு ரேடியோ அடிக்கிறது?"

"விழமாட்டேன். நீங்க ஏத்துங்க."

"இன்னிக்கு மிஸ்ஸையும் லிஸ்ட்ல போடணும் போல. ஒண்ணு. உடையக்கூடியது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முதலில் உள்ளே போகிற பெட்டி கடைசியில்தான் வெளியே வரும் என்பதால், கொப்பித் தாளின் கடைசிக் கோட்டிலிருந்து மேல்நோக்கி எழுதினேன். முதல் லொறியில் இரண்டு முறை குழம்பினேன். "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று கத்துவேன். அவர்கள் தோளில் பெட்டியோடு நிற்பார்கள். மூன்றாம் லொறிக்கு வந்தபோது எனக்கும் அவர்களுக்கும் ஒரு தாளம் பிடிபட்டுவிட்டது. பெட்டியை வைக்கும் ஆள் பெயரைச் சொல்வான், நான் திருப்பிச் சொல்லி எழுதுவேன். அலுவலகத்துக்குப் போய் மூன்று தாள்களையும் அதே வரிசையில் அடித்தேன். பார்வைக்கு அழகாக இருக்கவில்லை. ஒரே சாமான் மூன்று இடத்தில் வந்தது.

ஒரு வேலை மிச்சமிருந்தது. நேரம் மிஞ்சினால் நிற்கலாம் என்ற கதையை இந்த முறை நம்ப நான் தயாராக இல்லை. லொறிகள் எங்கே ஓடும், எங்கே நிற்கும் என்று ஒரு பயணத் திட்டம் எழுதிப் பொறுப்பாளரிடம் கையெழுத்து வாங்குவது வழக்கம். அதில் சாரதிகளுக்குக் கட்டாயமாக இருபது நிமிட ஓய்வு உண்டு. எப்போதும் அது எங்கள் வன்னிக் களஞ்சிய வளவுக்குள் என்று இருக்கும். நான் அதை அடித்துவிட்டு மாங்குளம் சந்தி என்று எழுதினேன்.

பொறுப்பாளர் கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளினார். "எனத்துக்கு சந்தியில? அங்க என்ன ஈக்குது?"

"ஒரு மரம் இருக்காம் சேர். கிணறும் இருக்காம்."

"மரம் களஞ்சியத்திலயும் ஈக்குதே புள்ள."

அவரிடம் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போன முறை சந்தியில் நடந்ததைச் சொன்னேன். என் பட்டியலால்தான் அப்படி ஆனது என்பதையும் சொன்னேன். அவர் திட்டத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இருவது நிமிசம். இருவத்தஞ்சானா நீங்க ரேடியோல கூப்பிடணும். முப்பது ஆனா நான் எல்லாருக்கும் சொல்லணும், ஆமிக்கும் சொல்லணும். அது வெளயாட்டு இல்ல. வெளங்கினதா?"

"விளங்கினது சேர்."

கையெழுத்துப் போட்டார். வன்னிக் களஞ்சியக்காரர் மூலம் தாய்க்கு மறுபடியும் சொல்லியனுப்பினோம்.

பயணத்தன்று காலை வீட்டைவிட்டு இறங்கும்போது, "இன்னிக்கா லொறி?" என்று அம்மா கேட்டாள். ஆம் என்றேன். மாதாவுக்குக் கொளுத்தும் மெழுகுதிரியை அன்று அவள் இரண்டாக வைத்தாள். எதற்கு இரண்டு என்று நான் கேட்கவில்லை; சந்தியில் நின்ற தாயைப் பற்றி அவளிடம் சொல்லியிருந்தேன்.

லொறிகள் முதல்நாள் மாலையே கொழும்பிலிருந்து புறப்பட்டுவிட்டன. காலையில் நான் ரேடியோவுக்கு முன்னால் உட்கார்ந்தேன். ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருக்க, "பேஸ், லீமா வன், மூவிங்" என்றது குரல். படலையைத் தாண்டிவிட்டார்கள். நேரத்தை எழுதினேன். பிறகு களஞ்சியம், இறக்கல், புறப்பாடு. ஒன்றரைக்கு, "பேஸ், லீமா வன். மாங்குளம் ஜங்ஷன். ஸ்ரொப்பிங்."

"லீமா வன், பேஸ். கொப்பிட்" என்றேன். வேறு எதுவும் சொல்ல விதியில் இடமில்லை.

மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிடம். இப்போது இறங்கியிருப்பார். பத்து. நாலு வருடக் கதையை எங்கிருந்து தொடங்கியிருப்பார்கள்? மாட்டிலிருந்தா? இருபது. ரேடியோ இரைந்துகொண்டிருந்தது. ஒன்றும் வரவில்லை. இருபத்திரண்டு. இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன். இருபத்தைந்தில் ஒலிவாங்கியைக் கையில் எடுத்தேன்.

"லீமா வன், பேஸ்."

பதில் இல்லை.

"லீமா வன், லீமா வன், பேஸ்."

இல்லை. அந்த நேரம் பார்த்துத் தண்டவாளம் அதிர்ந்தது. ஓடிப்போய் யன்னலைச் சாத்தினேன். அந்தத் தாளில் ஓய்வுக்கான இடத்தை மாற்றியது நான். களஞ்சிய வளவுக்குள் மதிலுக்கு உள்ளே நிற்க வேண்டிய மூன்று லொறிகளையும் மூன்று சாரதிகளையும் திறந்த றோட்டில் நிறுத்தியது நான். ஒரு தாயும் மகனும் சந்திக்கவேண்டும் என்று ஆசைப்பட்டு என்ன காரியம் செய்துவிட்டேன் என்று தோன்றியது. பொறுப்பாளர் படியேறி வந்து என் கதிரைக்குப் பின்னால் நின்றார். அவர் மூச்சு விடுவது கேட்டது.

இருபத்தெட்டில் ரேடியோ கரகரத்தது.

"பேஸ், லீமா வன்." குரல் கட்டியிருந்தது. "சொறி, பேஸ். மூவிங்."

"கொப்பிட்" என்று சொல்லி நேரத்தை எழுதினேன். பொறுப்பாளர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். "படல மூடுறதுக்குள்ள வந்து சேரட்டும். தாமதத்துக்குப் போம் நிரப்பணும், மறக்காதீங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். நாலுக்கு முன்பே மூன்று லொறியும் படலையைத் தாண்டிவிட்டன.

மூன்றாம் நாள் அவர் வந்தபோது நான் தாமதப் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். கோபம் இருந்தது. அதைவிடக் கூடுதலாக, என்ன கதைத்தார்கள் என்று அறியும் ஆவல் இருந்தது.

"ஏன் அண்ணா எட்டு நிமிஷம் பிந்தினது? நான் கூப்பிட்டும் ஏன் பதில் இல்ல?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நித்திரை கொண்டிட்டன், மிஸ்."

"என்ன?"

"கொழும்பில இருந்து விடிய விடிய ஓடினது. அங்க போய் இறக்கினது. அம்மா மரத்துக்குக் கீழ பாயை விரிச்சு வச்சிருந்தவ. சோறும் மீன்குழம்பும். சாப்பிட்டன். ஒருக்கால் பாயில சரிஞ்சு படு எண்டு சொன்னவ. சரிஞ்சன். அவ்வளவுதான் ஞாபகம்."

"அப்போ கதைக்கவே இல்லையா?"

"சாப்பிடேக்க, மெலிஞ்சு போனாய் எண்டவ. நான் இல்லையெண்டனான். வேற ஒண்டும் கதைக்கேல்ல." சிரிக்கப் பார்த்தார், முகம் வேறு மாதிரிப் போனது. "நாலு வருசம் யோசிச்சு வச்ச கதை, மிஸ். எல்லாத்தையும் வச்சுக்கொண்டு மாடு மாதிரிப் படுத்திட்டன்."

நான் படிவத்தை ஒரு பக்கம் தள்ளிவைத்தேன்.

"என்ர லொறி ரேடியோவில நீங்கள் கூப்பிட்டது, பக்கத்தில நிண்ட மற்ற லொறிக்காரனுக்குக் கேட்டிருக்கு. அவன் வந்து என்னை எழுப்பப் போக, அம்மா விடேல்லையாம். கொழும்பில இருந்து மிஸ் கூப்பிடுறா ஆச்சி எண்டிருக்கிறான். அந்தப் பிள்ளையைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லு, இவன் இப்பதான் கண்ணை மூடினவன் எண்டிருக்கிறா. சீலைத் தலைப்பால என்ர முகத்தில மொய்க்கிற இலையான் கலைச்சுக்கொண்டு இருந்தவவாம், முழு நேரமும்."

"உங்களுக்குக் கவலையா?"

"நான்தான் கதைக்கப் போனனான். அவ என்னைப் பாக்க வந்தவ. எழும்பிப் பாக்க, அவவின்ர முகத்தில ஒரு குறையும் இல்ல, மிஸ். வடிவாப் பாத்து முடிச்ச மாதிரி இருந்தவ." எழுந்தார். "என்ர குறைதான் கிடக்குது. அதுக்கு இன்னொருக்கால் பேர் வரட்டும்."

"போடுறேன் அண்ணா. ஒவ்வொரு முறையும் போடுறேன்."

அவர் போனபிறகு படிவத்தை நிரப்பினேன். இடம், நேரம், தாமதம் எட்டு நிமிடம். காரணம் என்று அச்சிட்ட பெட்டி சின்னது. வாகனப் பழுது, காலநிலை, வீதித்தடை என்று அதில் எழுதுவது வழக்கம். அந்தப் பெட்டிக்குள் அடங்கும்படி சின்ன எழுத்தில், என் நல்ல ஆங்கிலத்தில், சாரதி உறங்கிவிட்டார், அவருடைய தாய் எழுப்ப விடவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பொறுப்பாளர் அதை ஒருமுறை வாசித்தார். திரும்பவும் வாசித்தார். மாற்றி எழுதச் சொல்வார் என்று நின்றேன்.

"சாரதி ஓய்வு எண்டுதானே திட்டத்தில போட்டீங்க?"

"ஓம் சேர்."

"அப்ப சரி" என்று சொல்லிப் பேனாவைத் திறந்தார்.